ஃபஹார்டோவுக்கு இத்தனை எம்விபி: உயரம் மட்டும்தான் காரணமா?

நெட்டிலேவிழும்:
பிபிஏ (பிலிப்பைன்ஸின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) புள்ளிவிவரங்களைப் புரட்டும்போது ஒன்று உறுத்துகிறது. சான் மிகுவல் அணியின் சென்டர் (வளையத்துக்கு அருகே ஆடும் நெட்டை ஆட்டக்காரர்) ஜூன் மார் ஃபஹார்டோ 2014 முதல் 2019 வரை வரிசையாக 6 எம்விபி (சீசனின் சிறந்த ஆட்டக்காரர் விருது) வாங்கியிருக்கிறார். அதற்கு முன் ரமோன் ஃபெர்னாண்டஸும் ஆல்வின் பாட்ரிமோனியோவும் ஆளுக்கு 4 வாங்கியதுதான் சாதனை. 6 அடி 10 அங்குல உயரம்தான் காரணம் என்றால், 7 அடி கிரெக் ஸ்லாட்டருக்கு ஏன் ஒன்றுகூட இல்லை? விருதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

பேக்போர்டு:
புள்ளிவிவரத்துக்கு 40%, பத்திரிகையாளர் ஓட்டு 30%, ஆட்டக்காரர் ஓட்டு 25%, கமிஷனர் அலுவலகம் 5%. சீசன் முழுக்கச் சேர்த்துத்தான் கணக்கு. ஒரு கான்ஃபரன்ஸில் (சீசனுக்குள் நடக்கும் தனிக் கோப்பைத் தொடர்) மட்டும் வெளுத்துக்கட்டினால் 'பெஸ்ட் பிளேயர் ஆஃப் த கான்ஃபரன்ஸ்' கிடைக்கும், எம்விபி கிடைக்காது.

அந்தத் தொடர்களில் ஒன்றான பிலிப்பைன் கப்பில் இம்போர்ட்டுக்கு (வெளிநாட்டு ஆட்டக்காரர்) இடமில்லை. உள்ளூர் சென்டர்களில் ஃபஹார்டோவைத் தனியாக மறிக்கக்கூடியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். சான் மிகுவல் 2015 முதல் 2019 வரை தொடர்ந்து 5 முறை அந்தக் கோப்பையை வென்றது சும்மா இல்லை. இன்னொரு தொடரான கமிஷனர்ஸ் கப்பில் நெட்டை இம்போர்ட்டுகள் வந்து பெயின்ட்டுக்குள் (வளையத்தை ஒட்டிய பகுதி) நிற்பார்கள். ரீபவுண்டை (வளையத்தில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) பங்குபோட வேண்டியதுதான். அங்கேயும் எண்களைத் தாக்குப்பிடித்ததால்தான் மொத்தக் கணக்கில் முந்தினார்.

போஸ்ட்அப்:
உயரத்தைவிட இடம்பிடிப்பதைப் பாருங்கள். பந்து வரும் முன்பே இடுப்பாலும் முதுகாலும் டிஃபெண்டரை வளையத்துக்கு அடியில் தள்ளி உட்காரவைத்துவிடுவார். வாங்கிய பந்தைத் தோளுக்குக் கீழே இறக்க மாட்டார். பெரிய உடம்புக்காரர்கள் பலர் சொதப்புவது இங்கேதான்: பந்தை இறக்கித் தரையில் ஒரு தட்டு தட்டுவார்கள், குட்டை கார்டு (வெளிவட்டத்தில் ஆடுபவன்) வந்து தட்டிப் பறித்துவிடுவான். சரி, டபுள் டீம் போடலாமே (இரண்டு பேர் சேர்ந்து மறிப்பது) என்றால் சக ஆட்டக்காரர் மார்சியோ லாசிட்டர் மூன்று புள்ளிக் கோட்டில் காலியாக நிற்பார். அவரைவிட்டு உதவிக்கு ஓடுவது தற்கொலை.

கோட்டோரம்:
எல்லாவற்றையும் அவர் தலையில் கட்ட வேண்டாம். 2015–16 பிலிப்பைன் கப் ஃபைனலில் சான் மிகுவல் அலாஸ்கா அணியிடம் 0–3 என்று பின்தங்கியபோது அவர் முழங்கால் காயத்தோடு பெஞ்சில். 4-ஆவது ஆட்டத்தை அவரில்லாமலேதான் ஓவர்டைமில் வென்றார்கள். 5-ஆவதில் திரும்பினார், தொடர் 4–3.

ஆனால் 2020 பிப்ரவரியில் பயிற்சியில் கணுக்கால் எலும்பு (டிபியா) முறிந்து அந்த வருடமே போனபோது, கிளார்க் பபிளில் (கோவிட் காலத்தில் எல்லா அணிகளையும் ஒரே இடத்தில் தங்கவைத்து நடத்திய தொடர்) சான் மிகுவல் கால் இறுதியிலேயே மெரால்கோ அணியிடம் கவிழ்ந்தது.

பேக்போர்டு:
கணுக்கால் இல்லை, முழங்காலுக்குக் கீழே உள்ள கணைக்கால் எலும்பு. அது முறிந்த சென்டர் பழைய குதிப்பை எதிர்பார்க்க முடியாது. இவர் ஆட்டம் குதிப்பை நம்பியதே இல்லை. 2022 பிலிப்பைன் கப்பில் ஃபைனல்ஸ் எம்விபி, பிறகு 2022–23, 2023–24 இரண்டு சீசனிலும் எம்விபி.

நெட்டிலேவிழும்:
தேசிய அணியில் எந்த ஆட்டத்தைப் பார்ப்பது?

போஸ்ட்அப்:
2014 உலகக் கோப்பை, செனகலுக்கு எதிராக, 81–79. பிலிப்பைன்ஸ் அணியின் இன்னொரு சென்டர் பிளாட்ச் ஐந்து ஃபவுலோடு வெளியேறிய பிறகு ஓவர்டைமை மட்டும் பாருங்கள்.