லிலிபொண்ட்ல தமிழ் வரி நோட்டுக்கு நேர நிக்குதில்லை, பாமினியில அடிச்ச வரி பாதியில காணாமல் போகுது

வெள்ளவத்தை_அல்டோ:

எல்லாருக்கும் வணக்கம். எங்கட சேர்ச் குவயருக்கு நத்தார் கரோல் புத்தகம் ஒண்டு செய்யிறன். சொப்ரானோவும் அல்டோவும் மேல் ஸ்டாஃப்ல, டெனரும் பாஸும் கீழ, நடுவில மூண்டு மொழியும் வரோணும், முதல் தமிழ், பிறகு சிங்களம், பிறகு இங்கிலிஷ். எங்கட கரோல் ஆராதனையில மூண்டு மொழிக்காரரும் ஒண்டாத்தான் நிண்டு பாடுறவை, அதால மொழிக்கொரு புத்தகம் எண்டு பிரிக்க எனக்கு விருப்பமில்லை. பாவிக்கிறது லிலிபொண்ட் 2.24, கட்டளையா அடிச்சுக் குடுத்தா இசைத்தாள் கீறித் தாற சொஃப்ட்வெயர், அதுக்கான எடிட்டர் ஃபிரெஸ்கோபால்டிக்குள்ள வச்சு எழுதுறன். ஃபோன்ல இருந்து அடிக்கிறதால கட்டளையளின்ர பேரையும் தமிழிலயே எழுதுறன், குறை நினைக்காதேங்கோ.

மூண்டு பிரச்சினை. ஒண்டு, ஒரு இடத்தில தமிழில ஒரே அசையை ரெண்டு நோட்டுக்கு இழுத்துப் பாடோணும், அந்த இடத்துக்குப் பிறகு தமிழ் வரி முழுக்க ஒரு நோட்டு முன்னுக்குப் போகுது, ஆனா சிங்கள வரி அதே மியூசிக்குக்கு வடிவா நிக்குது. ரெண்டாவது, ரெண்டாம் சரணத்தை எங்கட சபையில ஒரு ஐயா வேர்ட்ல பாமினி எண்ட பழைய தமிழ் ஃபொண்டில அடிச்சுத் தந்தவர், நான் அதை அப்பிடியே ஒட்டி, லிரிக் டெக்ஸ்ட்டுக்கு ஃபொண்ட் பேர் பாமினி எண்டு குடுத்தன், முக்கால்வாசி சரியாத்தான் வருது, ஆனா 'மூன்று ஞானியர்' எண்டு வாற இடத்தில அந்த வரியே அதோட முடிஞ்சு போகுது, 'சந்தோஷம்' எண்ட சொல்லில ஷ வரேல்லை, ஒரு சின்ன வளைவு மட்டும் நிக்குது. மூண்டாவது, ரெண்டு பக்கத்தில முடிய வேண்டிய பாட்டு மூண்டாம் பக்கத்துக்குப் போய், அங்க ரெண்டே ரெண்டு பார் தாளின்ர முழு அகலத்துக்கும் இழுபட்டு நிக்குது. அங்கங்க வரியை மடக்கிற பிரேக் போட்டுப் பார்த்தன், ஒரு இடம் சரியாக இன்னொரு இடம் குழம்புது. எங்க இருந்து தொடங்கோணும்?

கொட்டாஞ்சேனை_ஓர்கன்:

தங்கச்சி, முதல்ல அந்த பாமினியைத் தூக்குங்கோ, அதைத் தூக்காமல் மற்ற எதைத் தொட்டும் பிரயோசனமில்லை. பாமினி யுனிகோட் இல்லை. கண்ணுக்குத்தான் தமிழ், ஃபைலுக்குள்ள கிடக்கிறது இங்கிலிஷ் எழுத்தும் குறியளும்தான். வேர்ட் அதைப் பற்றிக் கவலைப்படாது, ஆனா லிலிபொண்ட் முதல்ல எழுத்தை வாசிச்சு விளங்கிப்போட்டுத்தான் படம் கீறும். பாமினியில 'மூ' எண்ட எழுத்து இருக்கிறது % குறியில. லிலிபொண்டுக்கு % எண்டா அந்த வரியில அதுக்குப் பிறகு வாறது எல்லாம் கொமெண்ட், வாசிக்கத் தேவையில்லை எண்டு அர்த்தம். அதாலதான் மூன்று ஞானியர் வந்த உடன வரி நிண்டு போகுது. 'ஷ' இருக்கிறது ~ குறியில. லிரிக்ஸுக்குள்ள ~ எண்டா ரெண்டு அசையை ஒரே நோட்டில சேர்த்துப் பாடச் சொல்லுற வளைவு, இத்தாலியன் பாட்டுகளில அடிக்கடி வரும், அதைத்தான் நீங்க சந்தோஷத்துக்குள்ள கண்டிருக்கிறீங்க. சொஃப்ட்வெயாரில பிழை இல்லை, அதுக்குக் குடுத்ததை அது சரியாத்தான் வாசிச்சிருக்கு.

பாமினியை யுனிகோடுக்கு மாத்துற கொன்வேட்டர் இன்டர்நெட்ல சும்மா கிடைக்கும். மாத்தின பிறகு ஒருக்கா முழுக்க வாசியுங்கோ, ஒற்றைக்கொம்பு இரட்டைக்கொம்பு வாற இடங்களைக் கவனமாப் பாருங்கோ. ஃபைலை யுடிஎஃப்-8 ஆ சேவ் பண்ணுங்கோ, லிலிபொண்ட் அதைத்தான் எதிர்பார்க்கும். ஃபொண்ட் பேரை நோட்டோ செரிஃப் தமிழ் எண்டோ வேற ஏதாவது யுனிகோட் ஃபொண்ட் எண்டோ மாத்துங்கோ. பேரில ஒரு எழுத்து பிழைச்சாலும் அது பேசாமல் வேற ஃபொண்டை எடுத்துப் போடும், அதால ஷோ-அவெய்லபிள்-ஃபொண்ட்ஸ் எண்ட ஒப்ஷனைக் குடுத்து ஓட்டினா உங்கட மெஷின்ல என்னென்ன பேர் இருக்கெண்டு லிஸ்ட் வரும், அதில இருக்கிற மாதிரியே கொப்பி பண்ணுங்கோ.

கொழும்பில பழைய சபைப் பாட்டு, பள்ளிக்கூட மலர், கலியாணக் கார்ட் எல்லாம் பாமினியிலதான் கிடக்கு, அந்த ஐயாவைப் பிழை சொல்ல ஏலாது. அவரிட்ட இருக்கிற மற்றப் பாட்டுகளையும் இப்பவே வாங்கி மாத்தி வையுங்கோ, பிறகு ஆளாளுக்கு ஒரு கொப்பி வச்சுக்கொண்டு தேட வேண்டி வரும்.

ஸ்வர_எழுத்து:

அக்கா உங்கட முதல் பிரச்சினைக்கு வாறன். சிங்கள வரி நேர நிக்குது எண்டு சொன்னதிலயே விடை இருக்கு. அந்த ரெண்டு நோட்டுக்கும் சிங்களத்தில ரெண்டு அசை இருக்கும், அதால மியூசிக்கில ஸ்லர், அதாவது நோட்டுகளைச் சேர்க்கிற வளைவு, போடாமல் விட்டிருப்பீங்க. லிலிபொண்ட் ஸ்லரைப் பார்த்துத்தான் இந்த இடத்தில ஒரே அசையை இழுக்கோணும் எண்டு முடிவெடுக்கும், ஸ்லர் இல்லையெண்டா ஒவ்வொரு நோட்டுக்கும் ஒரு அசை எண்டு பங்கு போட்டுக்கொண்டு போகும், தமிழ் வரி முன்னுக்குப் போறது அதாலதான்.

ரெண்டு வழி. லேசான வழி, மியூசிக்கைத் தொடாமல் தமிழ் வரியில அந்த அசைக்குப் பிறகு ஒரு ஸ்பேஸ் விட்டு __ போட்டு, இன்னொரு ஸ்பேஸ் விட்டு ஒற்றை _ போடுறது. ரெட்டைக்கோடு இழுக்கிற கோட்டைக் கீறும், ஒற்றைக்கோடு அடுத்த நோட்டை அசை இல்லாமல் விடும். ஒரு இடம்தான் எண்டா இது காணும்.

ஆனா நாலைஞ்சு இடத்தில இப்பிடி வந்தா மியூசிக்கில ஸ்லரைப் போட்டிட்டு, சிங்கள வரியில மட்டும் இக்னோர்-மெலிஸ்மாட்டா எண்டதை ட்ரூ ஆக்குங்கோ, முடிஞ்ச இடத்தில அன்செட் பண்ணுங்கோ. இதில ஒரு விஷயம் கவனம், அந்த செட் கட்டளையை ஸ்லர் தொடங்கிற நோட்டுக்கு வாற அசைக்கு நேர முன்னால போடோணும், அப்பத்தான் சரியான இடத்தில பிடிக்கும். ஸ்லர் டாஷ்ட் எண்டதையும் போட்டா வளைவு விட்டு விட்டு வரும், பாடுற ஆக்களுக்கு இது சில மொழிக்கு மட்டும்தான் எண்டு பார்த்த உடன விளங்கும். மூண்டு மொழிப் புத்தகத்துக்கு நான் இதைத்தான் சொல்லுவன், ஏனெண்டா தமிழ் சரணங்கள் ஒண்டுக்கொண்டு அசை எண்ணிக்கை மாறித்தான் வரும்.

அசை பிரிக்கிறதைப் பற்றியும் ஒண்டு. புள்ளி வைச்ச மெய்யெழுத்தை முன்னால இருக்கிற அசையோடயே விடுங்கோ, சந் -- தோ -- ஷம் எண்டு. ரெண்டு ஹைஃபனுக்கும் ரெண்டு பக்கமும் ஸ்பேஸ் இருக்கோணும், ஒட்டி அடிச்சா முழுச்சொல்லையும் ஒரே நோட்டுக்குக் கீழ போட்டிடும். பழைய தாள்களில இழுக்கிற இடத்தைக் காட்ட தோ, ஓ எண்டு உயிரெழுத்தைத் திருப்பி எழுதியிருப்பினம், அதையும் எடுத்திட்டு இழுக்கிற கோட்டைப் போடுங்கோ. சின்னப் பிள்ளையள் அந்த ஓவைக் கண்டா புதுசா அழுத்தித்தான் பாடுவினம்.

பம்பலப்பிட்டி_டெனர்:

மேல ரெண்டு பேரும் சொன்னதை முடிச்சிட்டுத்தான் பக்கத்தைத் தொடுங்கோ. அசை சரியில்லாமல் பக்கம் பிரிச்சா திரும்பத் திரும்ப அதையேதான் செய்து கொண்டிருக்கோணும். நீங்க கையால போட்ட எல்லா பிரேக்கையும் இப்போதைக்கு அழியுங்கோ. ஹான்-வென் நியன்ஹைஸும் யான் நியூவென்ஹைசனும் 1996ல இதைத் தொடங்கினதே கொம்பியூட்டர் அச்சும் அந்தக் காலத்துக் கைவேலை அச்சு மாதிரி வரோணும் எண்டுதான், அதால எங்க மடக்கினா வடிவா இருக்கும் எண்டு கணக்குப் பார்க்கிறதில அது கெட்டி. நாங்க இடையில இடையில மறிச்சாத்தான் குழம்பும்.

உங்கட பாட்டு நீளுறதுக்குக் காரணம் மியூசிக் இல்லை, தமிழ் எழுத்தின்ர அகலம். 'ளைத்', 'ஞௌ' மாதிரி ஒரு அசை குவேவர் மாதிரி ஒரு சின்ன நோட்டுக்குக் கீழ வந்தா அந்த நோட்டைச் சுத்தி இடம் விட்டுத்தான் ஆகோணும், பார் அகலும், ஒரு வரியில நாலு பார் நிக்கிற இடத்தில மூண்டுதான் நிக்கும். அதால முதல்ல லிரிக் டெக்ஸ்ட்டின்ர ஃபொண்ட்-சைஸைக் குறையுங்கோ. அது இயல்பா 1ல இருக்கும், 6 படி கூட்டினா எழுத்து ரெண்டு மடங்காகும், அதால 0 எண்டோ -1 எண்டோ வைச்சா கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது ஆனா இடம் நல்லா மிச்சமாகும். நோட்டோ சான்ஸ் தமிழில கொண்டென்ஸ்ட் எண்டு ஒடுங்கின வகையும் இருக்கு, அதையும் பாருங்கோ. அதுக்குப் பிறகும் காணாட்டி குளோபல் ஸ்டாஃப் சைஸை 20ல இருந்து 18க்கு இறக்குங்கோ, ஆனா அதோட எழுத்தும் சேர்ந்து சின்னனாகும், வயசான ஆக்கள் மெழுகுதிரி வெளிச்சத்தில வாசிக்கிற புத்தகம், அதால 17க்குக் கீழ போகாதேங்கோ.

பிறகு பேப்பர் புளொக்குக்குள்ள பேஜ்-கவுண்ட் 2 எண்டு குடுங்கோ, அது தானா நெருக்கிப் பார்க்கும். கடைசி வரி இழுபடுறதுக்கு ராகெட்-லாஸ்ட் எண்டதை ட்ரூ ஆக்கினாக் காணும்.

வெள்ளவத்தை_அல்டோ:

எல்லாருக்கும் நன்றி, உண்மையா பெரிய உதவி. பாமினியை மாத்தினன், மூன்று ஞானியர் முழுசா வந்திட்டினம், சந்தோஷமும் வந்திட்டுது. ஸ்லர் போட்டு சிங்கள வரிக்கு இக்னோர் போட்டன், அந்தக் கட்டளையை எங்க போடோணும் எண்டு சொல்லாட்டி அதை நான் கண்டுபிடிச்சே இருக்கமாட்டன். எழுத்து 0, ஸ்டாஃப் 18, ரெண்டு பக்கத்துக்குள்ள வந்திட்டுது.

இப்ப ரெண்டு கேள்வி. தமிழ் வரிக்கும் சிங்கள வரிக்கும் இடையில நெருக்கமா இருக்கு, சில சிஸ்டத்தில, அதாவது ரெண்டு ஸ்டாஃபும் சேர்ந்த ஒரு வரியில, நெருங்கியும் சிலதில விலகியும் வருது. மற்றது, பிரிண்ட் கடையில வேர்ட் ஃபைல்தான் கேக்கினம், நான் எஸ்விஜி எண்ட பட ஃபைலா எடுத்து வேர்ட்ல போட்டுக் குடுத்தன், என்ர மெஷின்ல வடிவா இருந்தது அவையின்ர மெஷின்ல தமிழும் சிங்களமும் வெறும் பெட்டி பெட்டியா வருது.

பம்பலப்பிட்டி_டெனர்:

நெருக்கத்துக்கு லிரிக்ஸ் கொண்டெக்ஸ்டில வேர்ட்டிக்கல் அக்சிஸ் குறூப்புக்குள்ள நொன்ஸ்டாஃப்-நொன்ஸ்டாஃப்-ஸ்பேசிங் எண்டதில மினிமம்-டிஸ்டன்ஸைக் கூட்டுங்கோ, 3.5 எண்டு தொடங்கிப் பாருங்கோ. பாடிங்கை மட்டும் கூட்டாதேங்கோ. பாடிங் எழுத்தின்ர கால், கொம்பு எங்க முட்டுதெண்டு பார்த்துத்தான் தள்ளும், கீழ இறங்கிற எழுத்து இல்லாத சிஸ்டத்தில திரும்பக் கிட்ட வந்திடும். மினிமம் டிஸ்டன்ஸ் அடிக்கோட்டில இருந்து அடிக்கோட்டுக்கு அளக்கிறது, எல்லா சிஸ்டத்திலயும் ஒரே மாதிரி நிக்கும்.

ஸ்வர_எழுத்து:

ஹைஃபனைப் பற்றியும் யோசியுங்கோ அக்கா. தமிழில ஒவ்வொரு அசைக்கும் ஹைஃபன் வந்தா வரி முழுக்கக் கோடாத் தெரியும், சில பேர் தமிழுக்கு மட்டும் ஹைஃபன் இல்லாமல் விடுறவை.

கொட்டாஞ்சேனை_ஓர்கன்:

தம்பி, அதில எனக்கு உடன்பாடில்லை. ஹைஃபன் இல்லாட்டி ஒரு சொல் எங்க முடிஞ்சு அடுத்தது எங்க தொடங்குதெண்டு தெரியாது, மூச்சு எடுக்கிற இடம் பிழைக்கும். எங்கட குவயரில தமிழ் நல்லா வாசிக்கத் தெரியாத இளம் பிள்ளையளும் நிக்கினம், அவைக்கு அந்தக் கோடுதான் துணை. இருக்கட்டும்.

பெட்டி பெட்டியா வாறதுக்குக் காரணம், எஸ்விஜிக்குள்ள ஃபொண்ட் சேர்ந்து போகாது, திறக்கிற மெஷின்ல அந்த ஃபொண்ட் இருந்தாத்தான் எழுத்து வரும். பிடிஎஃப்பில ஃபொண்டும் உள்ளுக்கே போயிடும், அதால கடையில பிடிஎஃப்பையே எடுக்கச் சொல்லிக் கேளுங்கோ, அனேகமா எடுப்பினம். வேர்ட்தான் வேணுமெண்டு நிண்டா பிஎன்ஜியா எடுங்கோ, ஆனா ரெசொலூஷனை நீங்கதான் 300 எண்டு குடுக்கோணும், ஒண்டும் சொல்லாட்டி அது 101லதான் எடுக்கும், ஸ்கிரீன்ல நல்லா இருந்தாலும் தாளில நோட்டு எல்லாம் மங்கலா விழும். முழுப் புத்தகத்தையும் அடிக்க முதல் ஒரு பக்கத்தை அந்தக் கடை மெஷின்லயே அடிச்சு, அந்த ஐயாவிட்டக் குடுத்து வாசிச்சுப் பார்க்கச் சொல்லுங்கோ.