பேர் வெட்டின பாத்திரத்தை எடைக்குப் போடலாமா?

மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு சந்தில் 36 வருஷம் இருந்த வீட்டைக் காலி பண்ணிவிட்டு, 2024 ஆவணியில் மகனோடு விளாங்குடி ஃப்ளாட்டுக்கு வந்தேன். அங்கே பரண் கிடையாது. கட்டில், பீரோ, பழைய கிரைண்டர், துணிமணி எல்லாம் ஒரே வாரத்தில் போய்விட்டன. அதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. கை ஓடாமல் நின்றது பரணில் இருந்த பாத்திரங்களை இறக்கியபோதுதான்.

நம்ம பக்கம் பாத்திரத்தை வெறுமனே யாரும் கொடுக்க மாட்டோம். கடையில் எடை போட்டதும் "என்ன பேரு வெட்டணும்?" என்றுதான் கேட்பார்கள். அப்போதெல்லாம் உளியும் சுத்தியலும் வைத்துப் புள்ளி புள்ளியாகத் தட்டுவார்கள். இப்போது மிஷின், ஒரு நிமிஷ வேலை. என் பாத்திரங்களில் பாதிக்கு மேல் மீனாட்சி கோயில் எதிரே புதுமண்டபத்துக் கடைகளில் வாங்கியவை. அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன, பாத்திரங்கள் என்னிடம் இருந்தன. "கப்பலூர் மாமா சீர் 12.6.87", "பெரியம்மா அன்பளிப்பு", வெறும் இனிஷியல் மட்டும் உள்ளவை என்று மொத்தம் 17 பேர். அவர்களில் 11 பேர் இன்று உயிரோடு இல்லை.

பழைய பாத்திரம் எடுப்பவர் வந்தார். அண்டாவின் இரும்பு வளையத்துக்கு எடை கழித்தார், குத்துப்போணியைச் சுண்டிப் பார்த்தார். நான் பேர் இருந்த இடத்தையே தடவிக்கொண்டிருந்ததைக் கவனித்திருக்க வேண்டும். "அக்கா, பேரு இருந்தாலும் இல்லாட்டியும் எனக்கு ஒரே வெலதான். எல்லாம் உருக்கத்தான் போகும். மனசு இல்லேன்னா இன்னைக்கு வேணாம், வெள்ளிக்கிழமை கழிச்சு வாரேன்" என்று தராசை மடித்துக்கொண்டு போய்விட்டார். அவர் அன்றைக்கு அவசரப்படுத்தியிருந்தால் எல்லாவற்றையும் கொடுத்திருப்பேன்.

அந்த இடைவெளியில் எனக்கு வந்த யோசனை, யார் பேர் இருக்கிறதோ அவர்கள் வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்பது. முதலில் கப்பலூர்க் குடம். மாமா இல்லை, அத்தைக்கு 81 வயது. ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். அத்தை கண் தெரியாமல் விரலால் எழுத்தைத் தடவினார்கள்.

"இத வாங்குன மாசம் மில்லு ஓடல தாயி. ஒங்க மாமா கையில காசு இல்ல. என் காதுத் தோட்ட அடகு வச்சுல்ல வாங்குனோம்."

37 வருஷம் அந்தக் குடத்தில் தண்ணீர் பிடித்திருக்கிறேன். இது எனக்குத் தெரியாது. திருப்பிக் கொடுக்க வந்தேன் என்று சொன்னதும் அத்தையின் முகம் மாறிவிட்டது. "சீரத் திருப்பிக் கொண்டாந்தா ஒறவு அத்துப்போச்சுன்னு அர்த்தம். அத மொதல்ல வெளிய எடுத்து வையி" என்றார்கள். காப்பி குடித்து முடிக்கும்போதுதான் கோபம் ஆறியது. "கீழ எடம் கெடக்குல்ல. ஒம் பேத்தி பேர வெட்டி அவகிட்டக் குடு."

என் திட்டம் அதோடு முடிந்தது. அதன்பின் செய்ததைச் சொல்கிறேன், யாருக்காவது பயன்படும். பேரின் மேல் மெல்லிய வெள்ளைத் தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தேன். எழுத்து வெள்ளையாக எழும்பி வந்தது. செல்போனில் படமும் எடுத்தேன், ஆனால் பளபளப்பில் படத்தில் எழுத்து சரியாக விழவில்லை, தாளில் விழுந்தது. பேத்தியோடு கீழடி அருங்காட்சியகம் போனபோது, பானை ஓட்டில் "ஆதன்" என்று கீறியிருந்ததைப் பார்த்துவிட்டு "அவங்களும் பேர் வெட்டுவாங்களா அப்பத்தா?" என்று கேட்டிருந்தாள். தேய்க்கும்போது அவளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு தாளின் பின்னாலும் அந்த ஆள் யார், எனக்கு என்ன முறை, என்ன செய்து கொடுத்தார் என்று அவள் எழுதினாள்.

இரண்டு அண்டாக்கள் உசிலம்பட்டிப் பக்கம் உள்ள எங்கள் குலதெய்வக் கோயிலுக்குப் போயின. மாசிப் பச்சைக்குப் பங்காளிகள் கூடும்போது அங்கே எப்போதும் பெரிய பாத்திரம் பற்றாது. நாலு பாத்திரம் மகள், மருமகளுக்கு. ஒன்று பேத்திக்கு. மீதியைப் பழைய பாத்திரக்காரரிடமே எடைக்குப் போட்டேன். அழுகை வந்தது, உண்மை. ஆனால் தாள்கள் கையில் இருந்ததால் கொடுக்க முடிந்தது.

மொய் நோட்டை மட்டும் கொடுக்கவே இல்லை. "அதெல்லாம் எதுக்கும்மா, பழைய பேப்பரோட போடுங்க" என்றான் மகன். இப்போது மொய்யைக் கம்ப்யூட்டரில் அடித்துக் கையிலேயே ரசீது தருகிறார்கள், அவனுக்கு இந்த நோட்டின் கனம் தெரிய நியாயமில்லை. உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்தேன். 11, 21, 51 ரூபாய். திரும்பச் செய்ததற்கெல்லாம் என் வீட்டுக்காரர் பக்கத்தில் ஒரு கோடு போட்டிருந்தார். நாலு பேருக்குக் கோடு இல்லை. அந்த நாலு வீட்டிலும் இனி என்ன விசேஷம் வருகிறதோ அதற்குப் போகப்போகிறேன். அது கடன். கடன் எழுதிய நோட்டை எடைக்குப் போட எனக்கு உரிமை இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

உங்கள் வீட்டில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதுங்கள்.

மேலூர்க்காரர்

அக்கா, நான் இதைப் படித்தது தாமதம். அப்பா காலமான பிறகு தொழுவத்தில் இருந்ததை எல்லாம் ஒரே நாளில் லோடு ஏற்றிவிட்டேன். மாட்டு மணி, ஏர்க்கலப்பை, மாடு கட்டிக் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற கமலைச் சால். மோட்டார் வந்தபின் சாலுக்கு வேலை இல்லை, துருப்பிடித்துக் கிடந்தது. கிணற்றடியில் கமலைக் கல் மட்டும் இன்னும் நிற்கிறது. போன மாதம் என் பையன் "இது எதுக்குப்பா?" என்று கேட்டான். வாயால் சொன்னேன், கையைத் தூக்கிக் காட்டினேன், அவனுக்குப் புரியவில்லை. எல்லாவற்றையும் வைத்திருக்கச் சொல்லவில்லை. அந்தச் சால் ஒன்றையாவது வைத்திருந்திருக்கலாம்.

செல்லூரிலிருந்து

எனக்கு அம்மாவின் சுங்குடிச் சேலைகள். பெட்டியில் பூட்டி வைத்தால் மடிப்பிலேயே நைந்துவிடும், அதை அனுபவத்தில் சொல்கிறேன். ஒன்றைத் தங்கை குழந்தைக்குத் தூளி கட்டினோம். துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிவிட்ட சேலை, புதுத் துணியில் அந்த மெத்து வராது. முடிச்சுப் போட்ட புள்ளிகளை எண்ணிக்கொண்டே குழந்தை தூங்குகிறது என்று தங்கை சொல்கிறாள். அக்கா, அந்தக் குடம் என்ன ஆயிற்று? பேத்தி பேர் வெட்டியாச்சா?

சிம்மக்கல் அக்கா

ஆச்சு தங்கச்சி. நேற்றுதான் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போனேன். பேர் வெட்டும் பையன் குடத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பழைய எழுத்து மேல கெடக்கே, தேய்ச்சு எடுத்துறவாம்மா?" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் குடத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "அது எங்க கப்பலூர்த் தாத்தா. கீழ போடுங்க" என்றாள். இடம் கொஞ்சம்தான் இருந்தது. எழுத்தைச் சின்னதாக்கி வெட்டிக் கொடுத்தான்.