பழைய கேம்பர் வேனில் டெம்பரேச்சர் முள் அசையவில்லையா? சென்சார் வாங்கும் முன் கொஞ்சம் பொறுங்கள்

வெளிநாட்டுக்கு வந்த சில மாதங்களிலேயே பழைய கேம்பர் வேன் (உள்ளேயே தங்கித் தூங்கும் வசதியுள்ள வேன்) வாங்கிவிட்டதாகவும், இன்ஜின் சூட்டைக் காட்டும் டெம்பரேச்சர் முள் கீழேயே கிடப்பதாகவும், சென்சாரைத் தானே மாற்றலாமா என்றும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். மாற்றலாம் தம்பி. ஆனால் கெட்டுப்போனது சென்சார்தானா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

நான் இங்கே வந்த புதிதில் என் வேனிலும் இதே தொல்லை. ஒர்க்‌ஷாப்பில் போய் "டெம்பரேச்சர் சென்சார் போய்விட்டது, மாற்றுங்கள்" என்றேன். கேட்டதைச் செய்தார்கள், மணிக்கணக்குக்குக் கூலி வாங்கினார்கள். மறுநாள் முள் மறுபடி கீழே. உண்மையில் பழுது வயரின் முனையில் பிடித்திருந்த பச்சைக் களிம்பில் இருந்தது. அதிலிருந்து எந்த ஒர்க்‌ஷாப் போனாலும் பாகத்தின் பெயரை நான் சொல்வதே இல்லை. "முள் ஏறவில்லை, ஹீட்டர் நன்றாகச் சுடுகிறது, காரணம் பார்த்துச் சொல்லுங்கள்" என்றுதான் சொல்வேன். மொழி சரளமாக வராத காலத்தில் இதை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டும் போயிருக்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், தயக்கமே வேண்டாம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். "டெம்பரேச்சர் சென்சார்" என்று நாம் பொதுவாகச் சொல்வது பழைய வண்டிகளில் பெரும்பாலும் மூன்று தனித்தனிப் பொருட்கள். டேஷ்போர்டு முள்ளுக்குத் தகவல் அனுப்பும் செண்டர் ஒன்று; அதற்கு ஒரே வயர்தான் இருக்கும், எர்த் (மின்சாரம் திரும்பிப் போகும் வழி) அதன் மரை வழியாக இன்ஜினுக்குப் போய்விடும். இரண்டு வயர் கொண்டது இன்ஜின் கம்ப்யூட்டருக்கு உரியது. மூன்றாவது ரேடியேட்டரில் இருக்கும் ஃபேன் சுவிட்ச். சில வண்டிகளில் முதல் இரண்டையும் சேர்த்து நாலு பின் கொண்ட ஒரே சென்சாராகச் செய்திருப்பார்கள். ஆன்லைனில் ஆர்டர் செய்யும்போது வண்டி மாடலை மட்டும் கொடுத்தால் தவறான பொருள் வந்து நிற்கும். சேசிஸ் எண்ணைக் கொடுத்துத் தேடுங்கள், பழைய சென்சாரின் மேல் அச்சாகியிருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள்.

எது பழுது என்பதை அறிகுறியே பாதி சொல்லிவிடும். முள் மட்டும் தப்பாகக் காட்டினால் செண்டர் பக்கம் பாருங்கள். முள் சரியாக இருந்து, இன்ஜின் சூடான பிறகும் கரும்புகை, பெட்ரோல் வாடை, ஐடிலில் (வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது) ஏறி இறங்கும் சத்தம், மைலேஜ் சரிவு என்றால் கம்ப்யூட்டர் சென்சார்மேல் சந்தேகப்படலாம். இன்ஜின் இன்னும் குளிர்ந்திருப்பதாக நம்பி கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். எதிர்மாறாக, இன்ஜின் சூடாக இருப்பதாக நினைத்துவிட்டால் குளிர்காலக் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆவதே கஷ்டம். டெம்பரேச்சர் முள்ளும் பெட்ரோல் முள்ளும் ஒன்றாகத் தப்பாகக் காட்டினால் இரண்டு சென்சாரும் ஒரே நாளில் செத்துவிட்டன என்று எண்ணாதீர்கள். பல பழைய வண்டிகளில் மீட்டருக்குப் பின்னால் இரண்டுக்கும் பொதுவான சிறிய வோல்டேஜ் ஸ்டெபிலைசர் ஒன்று இருக்கும். அதையும் மீட்டரின் எர்த்தையும் முதலில் பாருங்கள்.

இன்னொரு சோதனைக்குக் கருவியே வேண்டாம். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு ஹீட்டரைப் போடுங்கள். இன்ஜினைச் சுற்றி ஓடிச் சூட்டை எடுக்கும் திரவமான கூலண்டால்தான் ஹீட்டர் காற்றும் சூடாகிறது. காற்று நன்றாகச் சுட்டு, முள் மட்டும் கீழே இருந்தால் செண்டரோ வயரோ பழுது. காற்றும் வெதுவெதுப்பாகவே வந்தால் தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானதும் ரேடியேட்டருக்குக் கூலண்டைத் திறந்துவிடும் வால்வு) திறந்தபடி மாட்டியிருக்கலாம், அல்லது கூலண்ட் குறைந்திருக்கலாம். அப்போது சென்சார் மாற்றிப் பயனில்லை.

அடுத்து வயர். சாவியை ஆன் செய்து, செண்டரின் ஒற்றை வயரைக் கழற்றி இன்ஜினின் சுத்தமான உலோகத்தில் ஒரு நொடி தொடுங்கள். பெரும்பாலான பழைய வண்டிகளில் முள் மேலே ஏறும். ஏறினால் வயரும் மீட்டரும் நலம், செண்டர்தான் குற்றவாளி. இதைக் கம்ப்யூட்டருக்குப் போகும் வயர்களில் ஒருபோதும் செய்யாதீர்கள்.

இரண்டு வயர் சென்சாரை மல்டிமீட்டரால் (மின்தடை, வோல்டேஜ் அளக்கும் சிறு கருவி) அளக்கலாம். சூடு ஏற ஏற அதன் மின்தடை இறங்கும். பரவலாகக் கிடைக்கும் பாஷ் ரகத்தில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம் இருக்கும். கழற்றிய சென்சாரின் நுனியை ஒரு பாத்திரத் தண்ணீரில் நனைத்து, தெர்மாமீட்டரோடு மெல்லச் சூடாக்கினால் எண் ஒரே சீராக இறங்கவேண்டும். நடுவில் குதித்தாலோ அசையாமல் நின்றாலோ மாற்றிவிடுங்கள். முள்ளுக்கான செண்டரின் அளவுகள் வண்டிக்கு வண்டி வேறு, அதனால் இந்த எண்களை அதற்குப் பொருத்தாதீர்கள்.

மாற்றும் வேலை இருப்பதிலேயே சுலபம். இன்ஜின் முழுக்க ஆறியிருக்கவேண்டும், இதில் மட்டும் அவசரமே கூடாது. கூலண்ட் அழுத்தத்தில் இருப்பதால் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்த நொடியில் ஆவியாகிச் சீறி முகத்தில் அடிக்கும். ஆறியபின் மூடியைத் திறந்து அழுத்தத்தை விட்டு மறுபடி மூடுங்கள். மூடியிருந்தால் சென்சாரை எடுக்கும்போது வழியும் கூலண்ட் குறைவாக இருக்கும். பேட்டரி எர்த்தைக் கழற்றிவிட்டு, கனெக்டரை வயரைப் பிடித்து இழுக்காமல் கிளிப்பை அழுத்தி எடுங்கள். வருடக்கணக்கில் வெந்த பிளாஸ்டிக் பொடிப்பொடியாகும், மெதுவாகச் செய்யுங்கள். புதியதைக் கையிலேயே தயாராக வைத்துக்கொண்டு பழையதை எடுத்த உடனே போட்டுவிட்டால் அரைக் கோப்பை அளவுதான் வழியும்.

மரையுள்ள சென்சார் பெரும்பாலும் பித்தளை. கையால் முழுக்கச் சுற்றிவிட்டு ஸ்பேனரால் கொஞ்சம் இறுக்கினால் போதும். அலுமினிய ஹவுசிங்கில் மரை போய்விட்டால் சின்ன வேலை பெரிய செலவாகிவிடும். ஒற்றை வயர் செண்டரின் மரையில் குழாய் வேலைக்குச் சுற்றும் வெள்ளை டேப்பைச் சுற்றாதீர்கள், எர்த் பிடிப்பது அதன் மரை வழியாகத்தான். கிளிப்பில் மாட்டும் வகை என்றால் சென்சாரோடு புது ஓ-ரிங்கும் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) கிளிப்பும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

அப்புறம் ஏர் லாக், அதாவது கூலண்ட் ஓடும் வழியில் காற்று சிக்கிக்கொள்வது. பலர் ஏமாறும் இடம் இது. சென்சாரைச் சுற்றிக் காற்று நின்றால் அது கூலண்டை அளக்காது, புதுச் சென்சாரும் தப்பாகவே காட்டும். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, இன்ஜினை ஓடவிட்டு, அளவு இறங்க இறங்க கூலண்ட் ஊற்றுங்கள். இன்ஜின் பின்னாலும் ரேடியேட்டர் முன்னாலும் இருக்கும் ஃபோக்ஸ்வேகன் டி3 போன்ற வேன்களில் இடையில் நீளமான குழாய்கள் ஓடுவதால் காற்று எளிதில் வெளியேறாது. முன்பக்கத்தை உயர்த்தி, ரேடியேட்டரில் காற்றை வெளியேற்ற இருக்கும் பிளீட் ஸ்குரூவைத் திறந்து, குமிழி நின்று கூலண்ட் மட்டும் வரும்வரை விடவேண்டும். உயர்த்தும்போது ஜாக்கை மட்டும் நம்பவேண்டாம், ஸ்டாண்டு வையுங்கள்.

இன்னொரு சகோதரி "எந்த கூலண்ட் ஊற்றுவது, நிறம் பார்த்தால் போதுமா" என்று கேட்டிருந்தார். போதாது அக்கா. நிறத்துக்கு எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான விதி கிடையாது. கேனில் இருக்கும் தரக்குறியீட்டை வண்டிக்குச் சொன்ன குறியீட்டோடு பாருங்கள். பொருந்தாத இரண்டைக் கலந்தால் கட்டிபட்டுக் குழாயை அடைக்கக்கூடும். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த எத்திலீன் கிளைக்கால் வகைக் கூலண்ட் சுமார் மைனஸ் 35 டிகிரிவரை உறையாமல் காக்கும். அது கடும் விஷம், இனிப்பாகவும் இருக்கும். சிந்தியதைக் குழந்தையோ நாயோ தொடுவதற்குள் துடைத்துவிடுங்கள். வடிந்த கூலண்டைச் சாக்கடையில் ஊற்றவேண்டாம், பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம். நகராட்சியின் கழிவு சேகரிப்பு மையத்தில் கொடுத்துவிடலாம். வாடகை வீட்டு வளாகத்திலும் தெருவோரத்திலும் வண்டி ரிப்பேர் செய்யத் தடை இருக்கலாம், ஒப்பந்தத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

தம்பிக்கு இன்னொன்று. முள் வேலை செய்யாத வண்டியை நெடுந்தூரம் எடுக்காதீர்கள். கூலண்ட் ஒழுகி இன்ஜின் கொதித்தாலும் உங்களுக்குத் தெரியாது, இன்ஜினின் மேல்பகுதியான ஹெட் வளைந்தபிறகுதான் தெரியும். மாற்றி முடித்ததும் பக்கத்திலேயே இருபது நிமிடம் ஓட்டி, ராத்திரி ஆறவிட்டு, காலையில் கூலண்ட் அளவையும் சென்சாரின் அடியில் ஈரம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இரண்டு காலை தொடர்ந்து காய்ந்திருந்தால் தாராளமாகக் கிளம்பலாம்.