யாங்கி ஃபோர்க் ஆறு: கல்மேடுகளை நிரவிவிட்டால் போதாதா?

பாய்சிவாசி:
அமெரிக்காவின் ஐடஹோவில் சன்பீம் என்ற ஊரிலிருந்து யாங்கி ஃபோர்க் ஆற்றோரமாக மேலே போனோம். பள்ளத்தாக்கு நெடுக கல்மேடு. 1952-லேயே தங்கம் தோண்டுவது நின்றுவிட்டதாம். இன்னும் பல மேடுகள் மொட்டையாகக் கிடக்கின்றன. சால்மன் மீனுக்காகக் கிளைவாய்க்கால் வெட்டி, பெரிய மரங்களை வேரோடு தண்ணீரில் போட்டிருக்கிறார்கள். புல்டோசர் வைத்துக் கற்களை நிரவிவிட்டு, மீதியை ஆற்றிடமே விட்டால் ஆகாதா?

நீரோட்டம்:
ஆகாது. பொனான்சா அருகே நிற்கும் ட்ரெட்ஜரை, அதாவது தங்கம் தோண்டிய மிதக்கும் இயந்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். 34 மீட்டர் நீளம், கிட்டத்தட்ட 1,000 டன் எடை. தான் தோண்டிய குளத்திலேயே மிதந்தபடி, சங்கிலியில் கோத்த வாளிகளால் அடிப்பாறை வரை அள்ளியது. தங்கம் பிரித்தபின் மணலும் வண்டலும் முதலில் விழும். பெருங்கற்கள் அதன்மேல் குவியும். மண் அடியில், கல் மேலே. விதை விழுந்தாலும் வேர் பிடிக்க ஈரமில்லை.

ஆற்றின் கதி இன்னும் மோசம். வளைந்து, பிரிந்து, பரவி ஓடியதைச் சுமார் 9 கிலோமீட்டருக்கு நேர்க்கால்வாய் போல ஆக்கிவிட்டார்கள். பனி உருகி வரும் வெள்ளம் விரிய வழியில்லாமல் சீறிப் பாய்கிறது. பெண் சினூக் (இங்கே வரும் சால்மன் வகை) வாலால் குழி பறித்து முட்டையிடத் தோதான சரளை தங்குவதில்லை.

என் கவலை குஞ்சுகளைப் பற்றித்தான். இங்கே சினூக் குஞ்சு ஏறக்குறைய ஒரு வருடம் ஆற்றில் வளர்ந்த பிறகே கடலுக்குப் புறப்படும். ஐடஹோ குளிர்காலம் ஒன்றை அது கடந்தாக வேண்டும். விரல் நீள மீன், வேகநீரில் ஒரே இடத்தில் நிற்பதற்கே தெம்பையெல்லாம் செலவழித்துவிடும். கிளைவாய்க்காலில் தண்ணீர் மெதுவாக ஓடும், வேர்களுக்கிடையே ஒளியலாம். மரம் நீரைத் தடுக்கும் இடத்தில் மடு விழும், பக்கத்தில் சரளை படியும். ட்ரெட்ஜர் விட்டுப்போன குளங்களையும் ஆற்றோடு இணைத்தார்களே, அது அருமையான வேலை.

கொங்குக்காரன்:
இந்த ஆறு கடலிலிருந்து ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர், நடுவே கொலம்பியா, ஸ்னேக் ஆறுகளில் 8 அணைகள். திரும்பி வரும் மீனே கொஞ்சம். இவ்வளவு செலவு தேவையா?

நீரோட்டம்:
அணைகள் பெரிய தடைதான், மறுக்கவில்லை. அதனால்தான் இங்கிருந்து கிளம்பும் ஒவ்வொரு குஞ்சும் கொழுத்துக் கிளம்ப வேண்டும் என்கிறேன். அப்புறம், இது ஷோஷோனி-பானக் பழங்குடியினர் காலங்காலமாக மீன் பிடித்த ஆறு. அமெரிக்க அரசோடு அவர்கள் செய்த 1868 ஒப்பந்தம் தந்த வேட்டை உரிமையில் மீன்பிடியும் அடங்கும் என்று ஐடஹோ உச்ச நீதிமன்றம் 1972-ல் டின்னோ வழக்கில் சொன்னது. அந்த வழக்கே இதே ஆற்றில் ஈட்டியால் குத்திய ஒரு சினூக்கால் வந்ததுதான். உரிமையைக் காகிதத்தில் கொடுத்துவிட்டு மீனை இல்லாமல் செய்தால் அது என்ன நியாயம்? இந்தச் சீரமைப்பில் அவர்களும் முன்னின்று உழைக்கிறார்கள்.

பாய்சிவாசி:
இப்போது புரிகிறது. மீனைப் பார்க்க எப்போது போகலாம்?

நீரோட்டம்:
ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் தொடக்கம். கரையிலிருந்தே பாருங்கள். சரளையில் வெளிறித் தெரியும் இடங்கள் முட்டைக் குழிகள். குழந்தைகளைத் தண்ணீரில் இறங்க விடாதீர்கள்.