நேட்டால் கடற்படைத் தன்னார்வலர்களில் நம்மவர் இருந்தார்களா?

கேள்வி: சாட்ஸ்வொர்த் வாசகர்

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியிலுள்ள எங்கள் தமிழ்ப் பள்ளி மண்டபத்தில், போர்க்காலங்களில் பணிபுரிந்த நம் முன்னோரின் பெயர்களைப் பொறித்த கல்வெட்டு ஒன்றை வைக்க முடிவு செய்திருக்கிறோம். பெயர்களையும் அவரவர் சேர்ந்திருந்த படைப்பிரிவுகளையும் திரட்டும் பொறுப்பு என்னுடையது. ஒரு குடும்பத்தார் கொடுத்த செய்தியில் மட்டும் எனக்குத் தெளிவு தேவைப்படுகிறது.

அந்தக் குடும்பத்தின் தாத்தா இரண்டாம் உலகப் போரில் 'நேவல் வாலண்டியர்' ஆக இருந்தார் என்று பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சொல்லி வருகிறார்கள். அவர்களிடம் ஒரு வெள்ளிப் பதக்கம் இருக்கிறது. அதன் ஒரு பக்கத்தில் ஆப்பிரிக்கக் கண்டத்தின் வரைபடமும் மறுபக்கத்தில் துள்ளிப் பாயும் மானும் உள்ளன. டர்பன் துறைமுகத்தில் எடுத்த புகைப்படம் ஒன்றும் இருக்கிறது. அதில் தாத்தா காக்கி உடையில் நிற்கிறார். அவர் தோளில் கை போட்டிருக்கும் இளைஞர் மாலுமி உடையில் இருக்கிறார். அந்த இளைஞரின் தொப்பிப் பட்டையில் எச், எம், ஐ, எஸ் என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் மட்டும் தெரிகின்றன. போர்க்காலத்தில் தாத்தா டர்பன் வளைகுடாவிலுள்ள சால்ஸ்பரி தீவில் வேலை பார்த்தார் என்பதும் குடும்பத்தார் நினைவில் உள்ளது.

நேட்டாலின் தன்னார்வக் கடற்படைகளில் இந்தியர் எந்தக் காலத்திலாவது சேர்க்கப்பட்டார்களா? கல்லில் பொறித்த பிறகு திருத்த இயலாது என்பதால், அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

வணக்கம் ஐயா. பொறிப்பதற்கு முன் கேட்டீர்களே, அதுவே நல்ல காரியம். இந்தப் படைகளின் வரலாற்றை அறிந்தால் உங்கள் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

ஆப்கானிஸ்தான் எல்லையில் ரஷ்யாவுடன் போர் மூளும் என்ற அச்சம் பிரிட்டிஷ் குடியேற்றங்கள் எங்கும் பரவியிருந்த 1885-ஆம் ஆண்டு, ஏப்ரல் 30 அன்று டர்பனில் நேட்டால் நேவல் வாலண்டியர்ஸ் என்ற படை தொடங்கப்பட்டது. துறைமுகத்தைப் பீரங்கிகளால் காப்பதே அதன் முதன்மையான நோக்கம். கேப் டவுனில் அதைப் போன்ற படை 1905-இல் ஏற்பட்டது. குடியேற்றங்கள் ஒரே நாடாக இணைந்து தென்னாப்பிரிக்க யூனியன் அமைந்த பிறகு இவ்விரண்டும் ஒன்றாக்கப்பட்டு, பிரிட்டிஷ் கடற்படையின் சேமப் படையான ராயல் நேவல் வாலண்டியர் ரிசர்வ் அமைப்பின் தென்னாப்பிரிக்கப் பிரிவாயின. 1912-ஆம் ஆண்டின் பாதுகாப்புச் சட்டம் ராணுவப் பயிற்சிக் கடமையை ஐரோப்பிய வம்சாவளியினருக்கு மட்டுமே விதித்தது. கடற்படைத் தன்னார்வலர் அணியும் வெள்ளையருக்கே உரியதாக நடத்தப்பட்டது. 1860-க்கும் 1911-க்கும் இடையில் 1,52,184 பேர் ஒப்பந்தத் தொழிலாளராக நேட்டாலுக்கு வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறியவர்கள். அப்படிக் கடல் கடந்து வந்தவர்களின் பிள்ளைகளுக்குக் கடற்படைத் தன்னார்வலர் என்ற பெயர் மட்டும் மறுக்கப்பட்டது என்பதை நான் மாணவர்களுக்குச் சொல்லாமல் விட்டதே இல்லை.

பெயர்தான் மறுக்கப்பட்டதே தவிர, களத்தில் வெள்ளைத் தன்னார்வலரும் நம்மவரும் அருகருகே இருந்தார்கள். ஆங்கிலேய-போயர் போரில் லேடிஸ்மித் நகரை மீட்கச் சென்ற படையில் நேட்டால் நேவல் வாலண்டியர்களும் கப்பற்படைப் பீரங்கி அணியோடு சேர்ந்திருந்தார்கள். அதே படையின் பின்னால் காந்தியடிகளின் முயற்சியால் உருவான இந்திய ஆம்புலன்ஸ் படை சென்றது. அதில் ஏறக்குறைய 1,100 பேர் இருந்தார்கள். சுமார் 300 பேர் ஒப்பந்தம் முடித்த சுயேச்சையானவர்கள், மற்ற 800 பேர் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர்கள். 1899 டிசம்பர் 15 அன்று கொலென்சோவிலும், அடுத்த ஜனவரியில் ஸ்பியன் காப்பிலும் விழுந்தவர்களைத் தோளில் சுமந்து, நாளொன்றுக்கு 20 முதல் 25 மைல் வரை நடந்தவர்கள் இவர்கள். போர்ப் பதக்கம் கிடைத்ததோ தலைவர்களாக இருந்த 37 பேருக்கு. சுமந்த கூலிகளின் பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை. உங்கள் கல்வெட்டில் பெயர் தெரியாத அந்த 800 பேருக்கும் ஒரு வரி ஒதுக்குவீர்களானால் மகிழ்வேன்.

இரண்டாம் உலகப் போரில் 1940 ஜனவரி 15 அன்று கடலோரப் பாதுகாப்புப் படை ஒன்று அமைக்கப்பட்டது. 1942 ஆகஸ்ட் 1 அன்று அதுவும் தன்னார்வலர் பிரிவும் இணைந்து தென்னாப்பிரிக்கக் கடற்படையாயின. அந்தத் தன்னார்வலர்களின் தியாகத்தை நாம் குறைத்துப் பேசக் கூடாது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று இலங்கைக்குத் தெற்கே ஜப்பானிய விமானங்கள் டார்செட்ஷைர், கார்ன்வால் என்ற இரண்டு குரூசர் கப்பல்களை மூழ்கடித்தபோது, நம் பாட்டன்மார் கடந்து வந்த அதே சமுத்திரத்தில் தென்னாப்பிரிக்க இளைஞர்கள் பலர் மாண்டார்கள். ஆனால் போருக்கு முன்வந்த நம்மவருக்கு 1940-இல் திறக்கப்பட்ட வாசல் வேறு. அதன் பெயர் இந்தியன் அண்ட் மலாய் கோர். லாரி ஓட்டுதல், காயமுற்றோரைச் சுமத்தல் போன்ற, ஆயுதம் இல்லாத பணிகளே அதற்குத் தரப்பட்டன. 1942 ஜூனில் லிபியாவின் துறைமுக நகரான டோப்ருக் வீழ்ந்தபோது அப்படையினரும் கைதிகளானார்கள். இவர்கள் சீருடையில் இருந்த காலத்திலேயே, 1943-இல், டர்பனில் இந்தியர் வெள்ளையரிடமிருந்து சொத்து வாங்குவதை முடக்கிய பெக்கிங் சட்டம் நிறைவேறியது.

தாத்தா எந்தப் படையில் இருந்தார் என்பதைப் பதக்கமே சொல்லும் என்று நினைக்கிறேன். ஆவணங்களில் பழகியவர்கள் இங்கே இருக்கிறார்கள், அவர்கள் விளக்கட்டும்.

பதில்: ஆவணக் காப்பகப் பணியாளர், வெஸ்ட்வில்

ஆசிரியர் ஐயா சொன்னது சரி. நீங்கள் வர்ணிப்பது ஆப்பிரிக்கா சர்வீஸ் மெடல். 1943-இல் ஏற்படுத்தப்பட்ட இப்பதக்கம் தரைப்படை, விமானப்படை, கடற்படை என்ற வேறுபாடு இன்றித் தென்னாப்பிரிக்கப் படையினருக்கு வழங்கப்பட்டது. ஆகவே அதை வைத்திருப்பது மட்டும் கடற்படைக்குச் சான்றாகாது. பதக்கத்தின் விளிம்பை நல்ல வெளிச்சத்தில், உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். பிரிட்டன் தன் வீரர்களுக்குக் கொடுத்த உலகப் போர்ப் பதக்கங்களில் பெயர் இருக்காது; தென்னாப்பிரிக்காவிலோ ஒவ்வொரு பதக்கத்தின் விளிம்பிலும் பணி எண்ணும் பெயரும் பொறித்தே கொடுத்தார்கள். எண்ணுக்கு முன் 'எம்' என்ற எழுத்து இருந்தால் அவர் இந்தியன் அண்ட் மலாய் கோரைச் சேர்ந்தவர். 'சி' என்றால் கலப்பினத்தவருக்கான கேப் கோர். 'என்' என்றால் கறுப்பினத்தவருக்கான நேட்டிவ் மிலிட்டரி கோர். பளபளப்பாக்க வேண்டும் என்று மட்டும் தேய்த்துவிடாதீர்கள், எழுத்துகள் மங்கிப்போகும்.

புகைப்படத்திலுள்ள மாலுமியைப் பற்றியும் ஒன்று சொல்ல முடியும். போர்க்காலத்தில் கப்பலின் பெயர் பகைவருக்குத் தெரியக் கூடாது என்பதற்காகத் தொப்பிப் பட்டையில் முதலெழுத்துகளை மட்டுமே அணிந்தார்கள். நீங்கள் குறிப்பிடும் நான்கு எழுத்துகள் ராயல் இந்தியன் நேவிக்கு உரியவை. எனவே அந்த இளைஞர் இந்தியாவிலிருந்து கப்பலோடு வந்தவர். போர்க்கால டர்பனில் கப்பல் அணிகள் இடைவிடாமல் வந்து தங்கிச் சென்றதை நினைத்தால், இரண்டு தமிழர் சந்தித்து ஒன்றாகப் படம் எடுத்துக்கொண்டிருக்கலாம் என்று நம்ப ஆசையாக இருக்கிறது. ஆனால் அவர் தமிழர் என்று படத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

கேட்டவர்: சாட்ஸ்வொர்த் வாசகர்

இருவருக்கும் நன்றி. குடும்பத்தாரின் வீட்டுக்குச் சென்று விளிம்பைப் பார்த்தேன். எண்ணுக்கு முன் 'எம்' தெளிவாக இருக்கிறது. அதன் பின் தாத்தாவின் பெயரும் இருக்கிறது. இத்தனை ஆண்டுகளாகச் சொல்லி வந்த பெயரை எடுத்துவிட்டால் தாத்தாவின் மதிப்புக் குறைந்துவிடுமோ என்று அவருடைய மூத்த மகள் வருந்துகிறார். அந்த அம்மாவுக்கு நான் என்ன சொல்வது? கல்லில் எப்படி எழுதுவது?

பதில்: கரைவலைக் குடும்பத்துப் பெண், பிளஃப்

ஐயா, அந்த அம்மாவிடம் சொல்வதற்கு என்னிடம் சில செய்திகள் இருக்கின்றன. என் தாய்வழியார் டர்பன் வளைகுடாவில் கரைவலை இழுத்தவர்கள். ஒப்பந்தம் முடிந்த குடும்பங்கள் சில, கரும்புத் தோட்டத்துக்குத் திரும்பாமல் சால்ஸ்பரி தீவில் குடிசை போட்டு, மடவை மீனும் குளிர்காலத்தில் சார்டின் மீனும் பிடித்து வாழ்ந்தன. போர்க்காலக் கட்டுமானத்துக்காகத் தீவு எடுத்துக்கொள்ளப்பட்டபோது அந்த வாழ்க்கை முடிந்தது. தீவையும் பிளஃப் கரையையும் இணைக்கும் பாதை போடப்பட்டு, சதுப்பும் மணலுமாக இருந்த இடம் கடற்படைத் தளமாயிற்று. எங்கள் வீட்டார் ஃபின்லண்ட்ஸ் பக்கம் ஒதுங்கினார்கள்.

அதன் பின் அந்த இடத்துக்கு நடந்ததையும் பாருங்கள். 1961-இல் இந்தியருக்கென்று தனிப் பல்கலைக்கழகக் கல்லூரி வேண்டும் என்று அரசாங்கம் தீர்மானித்தபோது, தீவில் காலியாகக் கிடந்த கடற்படைக் கொட்டகைகளில்தான் நம் பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். கல்லூரி வெஸ்ட்வில்லுக்கு இடம்பெயர்ந்த பிறகு, 1975-இல் அதே தீவில் ஜல்சேனா என்ற பயிற்சித் தளம் இயங்கத் தொடங்கியது. இந்திய இளைஞர்கள் தாமாக முன்வந்து அங்கே கடற்படைப் பயிற்சி பெற்றார்கள். நேட்டால் நேவல் வாலண்டியர்ஸ் தொடங்கி 90 ஆண்டுகள் ஆன பிறகுதான் டர்பன் இந்தியருக்கு அந்த வாசல் திறந்தது. அதுவும் வாக்குரிமை இல்லாத காலத்தில் என்பதால், போனவர்களை நம்மவரே குறை கூறியதும் உண்டு. நான் அவர்களைக் குறை கூறமாட்டேன்.

தாத்தா காக்கி உடுத்தித் தீவில் வேலை பார்த்தவர் என்றால், கடற்படைக்கான வேலையைத்தான் செய்திருப்பார். குடும்பத்தில் 'நேவி' என்ற சொல் அங்கிருந்து வந்திருக்கும். அதைப் பொய் என்று அந்த அம்மா நினைக்க வேண்டியதில்லை. ஆனால் கல்லில் 'நேவல் வாலண்டியர்' என்று எழுதினால், நாளை அதைப் படிக்கும் பிள்ளை நம்மவரை அந்தப் படை சேர்த்துக்கொண்டது என்று நம்பிவிடும். சேர்க்காதவர்களுக்கு நாமே நற்சான்று எழுதிக் கொடுத்ததாகிவிடும். எனக்கு அது பொறுக்கவில்லை.

பதில்: ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

அம்மா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். பெயர், பணி எண், 'இந்தியன் அண்ட் மலாய் கோர், 1939–45 போர்' என்று எழுதுங்கள். சால்ஸ்பரி தீவில் பணி செய்ததற்கு ஆவணம் கிடைத்தால் அதையும் சேருங்கள். மூத்த மகளிடம் ஜாப் மசெகோவைப் பற்றிச் சொல்லுங்கள். அவர் நேட்டிவ் மிலிட்டரி கோரைச் சேர்ந்தவர், துப்பாக்கி தரப்படாதவர். டோப்ருக்கில் கைதியாக இருந்தபோது, 1942 ஜூலையில், பால் டப்பாவில் வெடிமருந்து அடைத்துத் துறைமுகத்தில் நின்ற பகைவர் கப்பலை மூழ்கடித்தார். பின்னாளில் நம் கடற்படையின் தாக்குதல் கப்பல் ஒன்றுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. கடற்படையில் சேர்க்கப்படாதவர் என்பதால் அவருடைய பெருமை எள்ளளவும் குறையவில்லை.

பதில்: ஆவணக் காப்பகப் பணியாளர், வெஸ்ட்வில்

எண் கிடைத்துவிட்டதால் இனி எளிது. பிரிட்டோரியாவை அடுத்துள்ள பாதுகாப்புத் துறையின் ஆவண மையத்துக்கு எழுதும்போது பணி எண்ணை முதல் வரியில் கொடுங்கள். பெயரை மட்டும் நம்ப வேண்டாம். கவுண்டர் என்பது கோவெண்டர் என்றும் முதலியார் என்பது மூட்லி என்றும் நிலைத்துப்போன நாடு இது; சில குடும்பங்களில் அப்பாவின் பெயரே பிள்ளைக்குக் குடும்பப் பெயராகியிருக்கும். விளிம்பில் உள்ள எழுத்துக் கூட்டலையும் குடும்பத்தார் இன்று எழுதும் கூட்டலையும் தனித்தனியே குறிப்பிடுங்கள். மூத்த மகளிடம் தாத்தாவுடனான உறவை விளக்கும் கடிதம் ஒன்றில் கையொப்பம் பெற்று இணையுங்கள். மூல ஆவணங்களை அனுப்பாமல் நகல்களை மட்டும் அனுப்புங்கள்.

அவருடைய பெற்றோர் எந்தக் கப்பலில் வந்தார்கள் என்பதையும் சேர்க்க விரும்பினால், வெஸ்ட்வில் வளாகத்திலுள்ள காந்தி-லுதூலி ஆவண மையத்துக்கு வாருங்கள். ஒப்பந்தத் தொழிலாளர் பட்டியலில் அவர்களுடைய எண் தெரிந்திருந்தால் கப்பலின் பெயரையும் சொந்த ஊரையும் கண்டுபிடித்துவிடலாம். பழைய பிறப்புச் சான்றிதழ் ஏதாவது வீட்டில் இருந்தால் அந்த எண் அதிலேயே எழுதப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.