1928 லூத்தர் மௌனப்படம்: பாட்டிமாருக்கு எப்படிப் போட்டுக்காட்டுவது?

கேத்தி வாசகர்:
வணக்கம். அக்டோபர் 31, சீர்திருத்தத் திருநாள் மாலையில் எங்கள் சபை மண்டபத்தில் ஹன்ஸ் கைசர் இயக்கிய ‘லூத்தர்’ போட ஆசை. 1928இல் வந்த ஜெர்மன் மௌனப்படம். கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து பிரிந்த புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த மார்ட்டின் லூத்தரின் கதை. லூத்தராக நடித்தவர் ஒய்கன் க்ளோப்ஃபர். தனியாகப் பார்த்த இரவு அந்த முகத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

சிக்கல் என்னவென்றால், நடுநடுவே வரும் எழுத்து அட்டைகள் ஜெர்மனில் இருக்கின்றன. வருகிறவர்களில் பாதிப்பேர் தேயிலை பறித்து ஓய்ந்த பாட்டிமார். தமிழில் வரி போட்டாலும் சிலருக்கு எழுத்து தெரியாது, சிலருக்குக் கண்புரை. என் அம்மாவும் முன் வரிசையில் இருப்பார். இன்னொன்று, ஆட்கள் ஓடுகிற மாதிரி நடக்கிறார்கள். வோர்ம்ஸ் நகரில் கூடிய பேரரசு அவையில், எழுதியதைத் திரும்பப்பெற மறுத்துப் பேரரசர் முன்னால் லூத்தர் நிற்கும்போது பிள்ளைகள் சிரித்துவிட்டால் எனக்குத் தாங்காது.

கோவையிலிருந்து:
வரி போட வேண்டாம் அண்ணா, நீங்களே பக்கத்தில் நின்று சொல்லுங்கள். நம் ஊர் மௌனப்பட காலத்தில் அப்படித்தான், திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்வார். எங்கள் கோவை சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவி வாங்கி ஊர் ஊராகக் காட்டியதே இயேசுவின் வாழ்க்கைப் படம்தான்.

அட்டைக்கு ஒரே வாக்கியம் போதும். பிரசங்கத் தமிழ் வேண்டாம். வீட்டில் தாயும் சந்தையில் சாதாரண மனிதனும் பேசுவதைக் கேட்டு மொழிபெயர்க்க வேண்டும் என்று லூத்தரே 1530இல் எழுதியிருக்கிறார். அப்புறம் வேகம்: அந்தக் காலப் படங்கள் பல நொடிக்கு 24 படச்சட்டத்துக்கும் (ஃபிரேம்) குறைவாக எடுத்தவை. பிளேயரில் 0.8க்குக் குறைத்துப் பாருங்கள்.

கொடைக்கானலிலிருந்து:
நான் கத்தோலிக்கன். அன்று ஜெர்மனியில் எங்கள் தரப்பு இந்தப் படத்தை எதிர்த்தது, தணிக்கையில் வெட்டும் விழுந்தது. அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கரையும் அழையுங்கள், ஆனால் தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: மனிதன் கடவுள் முன் நீதிமானாவது எப்படி என்ற எந்த விசுவாசக் கேள்வியில் பிரிந்தோமோ, அதே கேள்வியில் 1999 அக்டோபர் 31 அன்று அவுக்ஸ்பர்க்கில் கத்தோலிக்க, லூத்தரன் தரப்புகள் இரண்டும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. அதைக் கேட்டால் யார் மனமும் நோகாது.

கேத்தி வாசகர்:
இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று 0.8இல் ஓட்டினேன், நடை சரியாகிவிட்டது. படத்துக்கு முன் ரோமர் 1:17 வாசிக்கப்போகிறேன், லூத்தரைத் திருப்பிய வசனம் அல்லவா. பழகிப்பார்க்க “விசுவாசத்தினாலே” என்று தொடங்கினேன், அடுப்படியிலிருந்து அம்மா “நீதிமான் பிழைப்பான்” என்று முடித்தார். அன்று அந்த வரியை அம்மாவையே சொல்லச் சொல்லியிருக்கிறேன். அக்டோபர் மழையில் கரண்ட் போகும், ஜெனரேட்டருக்கும் சொல்லிவைத்தாயிற்று.