விமானத்தில் 'வெறும் நீராவி' இழுக்கும் வீரர்களுக்கு

நெல்லியடி நங்கை:
சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு வரும் விமானம் பற்றி இந்தக் கருத்துக்களத்தில் ஓடிய விவாதத் திரியை நேற்றுப் பூட்டிவிட்டார்கள். பூட்ட முன்னர் வடமராட்சி வேகன் கடைசியாக எழுதிய முத்து இது: "வேப் (மின்சிகரட்) என்றால் வெறும் நீராவி. ரொயிலட்டுக்குள் போய் இரண்டு இழுவை இழுத்தால் யாருக்கு என்ன நட்டம்?" வாசித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. நீராவி வேண்டுமென்றால் இடியப்பப் பானையைத் திறந்து முகத்தைக் காட்டும். வேப்பில் வருவது கிளிசரின், புரொப்பிலீன் கிளைக்கோல், வாசனைச் சரக்கு, அதோடு நிக்கொட்டின். பக்கத்து இருக்கையில் இழுப்பு வருத்தக்காரப் பிள்ளை இருந்தால் என்ன செய்வீர்? அங்கே யன்னலைத் திறக்க முடியுமா?

வடமராட்சி வேகன்:
அக்கா, நான் பிடித்தேன் என்று எங்கே எழுதினேன்? பிடித்தால் என்ன என்றுதான் கேட்டேன். ஸ்ட்ரோபரி மணம்தான் வரும். அந்த ரொயிலட்டில் வழக்கமாக வரும் மணத்தைவிட அது எவ்வளவோ மேல்.

இணுவில் பேரன்:
எல்லோரும் தடை, தடை என்று குதிக்கிறீர்கள். நான் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். தடை உண்மையென்றால் விமான ரொயிலட் கதவில் சாம்பல் தட்டு ஏன் இருக்கிறது? பழைய விமானத்தில் மட்டுமல்ல, புதிதாகச் செய்து இறக்கும் விமானத்திலும் இருக்கிறது. 'புகைக்காதே' படத்துக்குப் பக்கத்திலேயே தட்டு. பதில் சொல்லுங்கோ.

ஸ்பானர்:
இதற்குப் பதில் ரகசியம் இல்லை. மீறுகிறவன் பயத்தில் கொள்ளிச் சிகரட்டைக் கடதாசித் தொட்டிக்குள் போட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தத் தட்டு. 1973 ஜூலை 11, ரியோ டி ஜெனீரோவிலிருந்து பாரிஸ் வந்த பிரேசில் நிறுவனமான வாரிக்கின் 820ஆம் இலக்க விமானம், போயிங் 707. பின்பக்க ரொயிலட்டில் தீ. ஓர்லி விமான நிலையத்துக்குக் கிட்ட வந்தும் ஓடுபாதைக்குப் போய்ச் சேர முடியாமல் வெங்காயத் தோட்டத்தில் இறக்கினார்கள். 123 பேர் செத்தார்கள். 11 பேர் தப்பினார்கள். செத்தவர்களில் அநேகரைக் கொன்றது புகை. குப்பைத் தொட்டியில் போட்ட சிகரட்டாக இருக்கலாம் என்றுதான் கருதினார்கள். அமெரிக்க விமான விதி 25.853ஐ வாசித்துப் பாருங்கள்: விமானத்தில் புகைக்க அனுமதி உண்டோ இல்லையோ, ஒவ்வொரு ரொயிலட் கதவிலும் அல்லது அதன் அருகிலும் கழற்றக்கூடிய சாம்பல் தட்டு கண்ணில் படும்படி இருக்க வேண்டும்.

இணுவில் பேரன்:
ஆக, தட்டு இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறீர்கள். நன்றி.

ஸ்பானர்:
நான் எதை ஒப்புக்கொண்டேன்? ஏன் இருக்கிறது என்றல்லவா சொன்னேன்.

இணுவில் பேரன்:
இருக்கிறது என்பதுதானே என் கட்சி. ஒரு கையால் தடுத்து மறு கையால் தட்டு நீட்டுகிறார்கள். மீறுவான் என்று சட்டத்துக்கே தெரிகிறது. அப்படியென்றால் அது தடையா, நாடகமா?

ஸ்காபரோ குளிர்:
எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊரில் உள்ள பொது இடங்களைப் பற்றித்தான் கவலை. போன முறை வந்தபோது யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் ஒருவர் என் முகத்துக்கு நேரே ஊதிவிட்டு, "எந்த ஊர், அண்ணை?" என்று கேட்டார். இங்கே கனடாவில், ஒன்ராறியோவில் 2015 தொடக்கம் உணவகத்தின் வெளித்திண்ணையில்கூடப் புகைக்க முடியாது. பிள்ளைகள் விளையாடும் இடத்திலும் அதேதான். எங்கள் சனத்துக்கு இந்த நாகரிகம் எப்போது வரும்?

இணுவில் பேரன்:
வந்துவிட்டார். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து ஐஸ்கிறீம் குடித்துவிட்டுப் போகிற ஆட்கள் எங்களுக்கு நாகரிகம் படிப்பிக்கிறார்கள். ஐயா, 2018 அக்டோபரில் கஞ்சாவையே சட்டமாக்கிய நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்பது ஞாபகமிருக்கட்டும். நாங்கள் இன்னும் அந்த உயரத்துக்கு வரவில்லை. அது சரி, நீங்கள் இவ்வளவு விமானம் ஏறியிருப்பீர்களே, ரொயிலட் கதவில் தட்டைக் கண்டீர்களா இல்லையா?

ஸ்காபரோ குளிர்:
கஞ்சாவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? தட்டைக் கண்டேன். அதனால் என்ன? எண்பதுகளில் நான் முதன்முதல் பறந்தபோது கைப்பிடிக்குள்ளேயே தட்டு இருந்தது. பின்வரிசைகளைப் புகைப்பவர்களுக்கு விட்டிருந்தார்கள். புகைக்கு வரிசை இலக்கம் தெரியுமா என்ன? இறங்கும்போது சேட்டு முழுக்க நாற்றம்.

இணுவில் பேரன்:
ஸ்காபரோக்காரரும் கண்டாராம். இரண்டாவது சாட்சி.

வெள்ளவத்தை வக்கீல்:
ஒரு நிமிடம். பொது இடம் என்று ஆளுக்கு ஒன்றைச் சொல்கிறீர்கள். எங்கள் இலங்கையின் 2006ஆம் ஆண்டு 27ஆம் இலக்கப் புகையிலை, மதுசாரச் சட்டம் தடுப்பது மூடிய பொது இடத்தில் புகைப்பதை. திறந்த பஸ் நிலையம் அதற்குள் வருமா? கோவில் வீதி வருமா? விமான நிலையத்துக்குள் புகைப்பதற்குத் தனியிடம் ஒதுக்கவும் அதே சட்டம் வழி விடுகிறது. வேப்பைப் பற்றி 2016 செப்ரெம்பரில் தனி ஒழுங்குவிதி வந்தது, அது புகையிலை அடங்கிய சாதனங்களுக்கு. முதலில் எதைப் பேசுகிறோம் என்று தீர்மானித்துவிட்டுத் தொடரலாமே?

இணுவில் பேரன்:
வக்கீல் ஐயாவும் எங்கள் பக்கம். விமான நிலையத்தில் தனியிடம், விமானத்தில் தட்டு. எல்லாம் அவர்களே வைத்துக் கொடுப்பார்கள். பிறகு நாங்கள் பற்றவைத்தால் குற்றம்.

வெள்ளவத்தை வக்கீல்:
நான் யாருடைய பக்கமும் இல்லை. கேள்வி கேட்டேன்.

நெல்லியடி நங்கை:
தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவரோடு மல்லுக்கட்டி என்ன பயன்? ரொயிலட் கதவில் தீயணைப்பானும்தான் எங்கேயோ பக்கத்தில் இருக்கும். அதற்காக விமானத்தைக் கொளுத்த அனுமதி என்று அர்த்தமா?

இணுவில் பேரன்:
தங்கச்சி, தீயணைப்பான் வேறு, தட்டு வேறு. தட்டு எதற்கு? சாம்பல் தட்ட. சாம்பல் எங்கிருந்து வரும்? யோசியுங்கோ.

நெல்லியடி நங்கை:
நான் உங்களுக்குத் தங்கச்சி இல்லை. என் வயதும் உங்களுக்குத் தெரியாது. போன வருஷம் இறால் போடாமலும் கூழ் காய்ச்சலாம் என்று நான் எழுதியதற்கு, "சமையலறைக்குள் நிற்கிற நேரம் குறைந்துவிட்டதோ" என்று கேட்டவர்தானே நீங்கள்? மறக்கவில்லை.

இணுவில் பேரன்:
இறால் போடாத கூழ் கூழே இல்லை. அதை இன்றைக்கும் சொல்வேன், எங்கேயும் சொல்வேன்.

வடமராட்சி வேகன்:
எங்கள் பக்கத்தில் நண்டும் போடுவோம். சரி, என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. வேப்பில் நெருப்பே இல்லை. நெருப்பில்லாத சாமானுக்கு 1973 கதையை ஏன் அவிழ்க்கிறீர்கள்?

ஸ்பானர்:
தம்பி, நெருப்பில்லையா? உள்ளே இருப்பது லித்தியம் பற்றரி. அதனால்தான் வேப்பைப் பெட்டிக்குள் போட்டுச் சரக்கறைக்கு அனுப்பக் கூடாது, கையோடு கொண்டுபோக வேண்டும் என்கிறார்கள். விமானத்துக்குள் அதைச் சார்ஜ் போடவும் கூடாது. மேலே ஏறின பிறகு கீழறையில் பற்றரி பற்றினால் யார் போய் அணைப்பது? ரொயிலட்டில் உள்ள புகை உணரி உம்முடைய ஸ்ட்ரோபரிக்கும் கத்தும். அது மணம் பார்த்துக் கத்துவதில்லை.

வடமராட்சி வேகன்:
கத்தினால் கத்தட்டும். ஒரு மணித்தியாலச் சொச்சப் பயணத்தில் என்ன செய்துவிடுவார்கள்?

ஸ்பானர்:
கதவைத் திறந்து வெளியே இறக்கிவிட மாட்டார்கள், அந்தத் துணிவில் பேசுகிறீர். இறங்கின இடத்தில் பொலிஸ் நிற்கும். அதோடு, சென்னைக்கு இதைக் கொண்டுபோகிறீர் என்றால் இன்னொரு கதையும் இருக்கிறது. இந்தியாவில் 2019 தொடக்கம் வேப் இறக்குமதி, விற்பனை இரண்டுக்கும் தடை. சிங்கப்பூரில் 2018இலிருந்து கையில் வைத்திருந்தாலே குற்றம். அங்கே போய் "வெறும் நீராவி, அண்ணை" என்று சொல்லிப் பாரும்.

இணுவில் பேரன்:
பற்றரி, சிங்கப்பூர் என்று சுற்றி வளைக்க வேண்டாம். தட்டு.

ஸ்பானர்:
தட்டுக்குப் பதில் மேலே இருக்கிறது. விதி இலக்கத்தோடு எழுதியிருக்கிறேன்.

இணுவில் பேரன்:
இலக்கம் எனக்கு வேண்டாம். நியாயம் வேண்டும். கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், பொறுமையில்லாதவர்கள் தாண்டிப் போகலாம். எங்கள் மண்ணில் புகையிலை நேற்று முளைத்த பயிர் இல்லை. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பல் ஏறியது. வரி வாங்கித் தின்ற வெள்ளைக்காரன் கணக்குப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறான். பின்னாளில் சுருட்டுக் கொட்டில்களில் சுருட்டின சுருட்டு தெற்கில் மூலைமுடுக்குக் கடைகளுக்கெல்லாம் போனது. அந்தக் காசில் எத்தனை பிள்ளைகள் படித்தார்கள், எத்தனை கல்வீடு எழும்பியது என்று இணுவிலில், கோப்பாயில், நீர்வேலியில் கேட்டுப் பாருங்கள். இன்றைக்கு இங்கே ஆங்கிலத்தில் மிரட்டுகிற அரைவாசிப் பேரின் பாட்டன் புகையிலைக்குத் தண்ணி இறைத்தவன்தான். 2020க்குள் புகையிலைச் செய்கையையே நிறுத்துவோம் என்று மேடையில் சொன்னார்கள். நிறுத்தினார்களா? தோட்டக்காரனுக்கு வேறு என்ன பயிர் என்று யாராவது உருப்படியாகச் சொன்னார்களா? எங்கள் தாத்தா குறைச் சுருட்டைக் காதில் செருகிக்கொண்டு தொண்ணூறு தாண்டி வாழ்ந்தார். அவர் யாருடைய முகத்திலும் ஊதியதில்லை. சீனப் பிளாஸ்ரிக் குழாயில் பழரசப் புகை விடுகிற இந்த வேகனையும் எங்கள் சுருட்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். தட்டு என்றதும் ஞாபகம் வருகிறது: விமானத்தில் அது ஏன் இருக்கிறது?

வடமராட்சி வேகன்:
அண்ணை, நான் உங்களுக்கு ஆதரவு என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்!

இணுவில் பேரன்:
எனக்கு உம்முடைய ஆதரவு தேவையில்லை. புகையிலை பிடிக்கத் தைரியமில்லாதவன்தான் பழரசம் பிடிப்பான்.

நெல்லியடி நங்கை:
தாத்தா தொண்ணூறு தாண்டினாராம். புகைத்தும் நீண்டகாலம் இருந்த ஒருவரை எல்லோர் வீட்டிலும் காட்டுவார்கள். ஐம்பதில் இருமி இருமிப் போனவர்களின் படம் சுவரில் மாலையோடு இருக்கிறது, அவர்களைப் பற்றிப் பேச்சில்லை. அந்தத் தாத்தாமாரின் புகையை அடுப்படியில் இருந்து குடித்த ஆச்சிமாரைப் பற்றியும் பேச்சில்லை. பெருமை மட்டும் ஆம்பிளைகளுக்கு. எங்கள் பக்கத்துச் சந்தியில் கடைக்காரர்கள் தாங்களாகவே சிகரட் விற்பதை நிறுத்தினார்கள். சுகாதாரப் பரிசோதகர் வந்து கதைத்தார், கேட்டார்கள். கடை ஒன்றும் பூட்டுப்படவில்லை.

இணுவில் பேரன்:
அடுத்த சந்தியில் வாங்கியிருப்பார்கள்.

நெல்லியடி நங்கை:
நீங்கள் வாங்கியிருப்பீர்கள்.

ஸ்காபரோ குளிர்:
நான் ஒன்றைச் சொல்ல வேண்டும். "ஐஸ்கிறீம் குடித்துவிட்டுப் போகிறவர்கள்" என்றது எனக்கு மனத்தாங்கல். 2019இல் பலாலியைச் சர்வதேச நிலையமாகத் திறந்தபோது இங்கே இருந்து பார்த்துக் கண் கலங்கினவன் நான். அந்த நிலையம் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இணுவில் பேரன்:
கண் கலங்கியது புகையாலாக இருக்கலாம்.

மட்டுறுத்துநர்:
தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம். கூழ் பற்றி இங்கே கதைக்க வேண்டாம். திரி தலைப்பை விட்டுப் போனால் இதையும் பூட்டுவேன்.

வெள்ளவத்தை வக்கீல்:
தலைப்புக்கே வருகிறேன். மூடிய பொது இடம் என்று எதைக் கொள்வது என்ற என் கேள்வி அப்படியே கிடக்கிறது.

வடமராட்சி வேகன்:
பலாலி விமானம் இரண்டு விசிறி வைத்த சின்ன ஏரிஆர் 72. அதில் தட்டே இல்லை என்று நினைக்கிறேன். நான் பார்க்கவில்லை.

இணுவில் பேரன்:
பார்க்கவில்லை என்றால் இல்லை என்று எப்படிச் சொல்வீர்? கண்ணாடி போட்டுக்கொண்டு ஏறும்.

ஸ்பானர்:
இருக்கும். ரொயிலட் உள்ள பயணிகள் விமானம் என்றால் இந்த விதிதான். அதையும் நானே சொல்லிவிட்டேன் என்று மூன்றாவது சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சர்வதேச சிவில் விமான அமைப்பு 1992இலேயே தீர்மானம் போட்டு, 1996 ஜூலை 1க்குள் சர்வதேச விமானங்களில் புகைத்தலை நிறுத்தச் சொன்னது. முப்பது வருஷமாகியும் எவனோ ஒருவன் ரொயிலட்டுக்குள் பற்றவைக்கிறான். அவனுக்காகத்தான் தட்டு. உங்களுக்காக இல்லை.

இணுவில் பேரன்:
மூன்றாவது சாட்சி. அதோடு "அவனுக்காகத்தான் தட்டு" என்று எழுத்திலும் தந்துவிட்டார். இதைத்தானே நான் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன்: புகைக்கிறவனுக்காக வைத்த தட்டு.

ஸ்பானர்:
விசர்க்கதை. நான் போகிறேன்.

இணுவில் பேரன்:
போங்கோ. அடுத்த மாதம் சென்னைக்குப் போகிறேன், கதவோடு சேர்த்துப் படம் எடுத்து இங்கே போடுவேன். அப்போது யார் யார் ஓடுகிறார்கள் என்று பார்ப்போம்.

நெல்லியடி நங்கை:
ரொயிலட் வாசலில் நின்று படம் எடுக்கிறவரைப் பணிப்பெண் என்ன நினைப்பார் என்று யோசித்துவிட்டுப் போங்கள்.

வடமராட்சி வேகன்:
அண்ணை, அப்படியே சென்னையில் எந்த வாசனை கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு வருவீங்களா?

ஸ்பானர்:
தம்பி, அங்கே விற்பனைக்குத் தடை என்று மேலே எழுதினேனே. இங்கே யாராவது எதையாவது வாசிக்கிறீர்களா?

இணுவில் பேரன்:
போகிறேன் என்றவர் இன்னும் போகவில்லையா?